கடைசிப் பக்கத்துப் பெயர்

அத்தியாயம் 7

மாங்குளம் சந்தியில், முல்லைத்தீவு வீதி பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 'தயா கொமினிகேசன்' என்று ஒரு பலகை தொங்குகிறது. இந்தத் தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடையின் கதையைத் தொடர்ந்து வாசித்து வருகிறவர்களுக்கு அதற்குள்ளே இருப்பவளின் வயிறு எந்த நிலையில் எரிந்துகொண்டிருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த வாரம்தான் வாசிக்கத் தொடங்கியவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம்.

தயாளினி, சுடலைமுத்துவின் மூத்த மருமகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எழுத்து என்றால் அவள்தான். மாமி அமராவதியின் கிளினிக் துண்டு வாசிப்பது, கொழுந்தன் திலீபனின் வேலை விண்ணப்பம் அடிப்பது, மாமா தலைவராக இருக்கும் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்ட அறிக்கை எழுதுவது, எல்லாமே அவள் கையால் நடந்தன. ஊரில் நாலு பேர் "கொம்பியூட்டர்க்காரி" என்று சொல்வதை அவள் காதில் விழாத மாதிரிக் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

அப்படி இருக்க, திலீபன் கல்யாணம் கட்டினான். வந்தவள் வினுஜா. வவுனியா கம்பஸில் படித்தவள். கழுத்தில் புதுத் தாலியும் தோளில் லப்டொப்புமாக வந்து இறங்கியவள். இன்னும் மஞ்சள் கூட வெளிறவில்லை, அதற்குள் மாமா அவளைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்திப் பேப்பர் வாசிக்க வைத்துவிட்டார்.

அந்தக் கதிரையில் இதற்கு முதல் இருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

சங்கத்துப் பால் ஒவ்வொரு நாளும் லொறிக்குக் காத்திருந்து காத்திருந்து திரைந்து போகிறது. கொழும்பில் ஒரு தொண்டு நிறுவனம் பால் குளிரூட்டும் தாங்கி தரத் தயாராக இருந்தது. அதற்கான விண்ணப்பம் இன்று பின்னேரம் நாலு மணிக்குள் மெயிலில் போய்ச் சேர வேண்டும். முந்தாநாள் சாப்பாட்டுக்கு இருக்கும்போது மாமா வேலையைப் பங்கு பிரித்தார்.

"சின்னவா எழுதட்டும். பெரியவா அனுப்பட்டும்."

சின்னவா வினுஜா, பெரியவா தயாளினி. சொன்னது அவ்வளவுதான். தயாளினிக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போக மறுத்துவிட்டது. எழுதுவது ஒருத்தி, தபால்காரி ஒருத்தியா? அவள் வழியாக அனுப்புவதற்கும் காரணம் வேறு ஒன்றுமில்லை. சங்கத்து மெயிலின் கடவுச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வினுஜா ஒருமுறை சாடையாகக் கேட்டும் அவள் கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு நம்பிக்கை அவளிடம் மிச்சம் இருந்தது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'தொடர்பாளர்' என்று ஒரு பெயர் போட வேண்டும். தாங்கி வந்தால் அந்தப் பெயருக்கு உரியவர்தான் கொழும்புக் கூட்டங்களுக்குப் போவார், பயிற்சிக்குப் போவார், சங்கத்தின் முகமாக நிற்பார். போன கோடையில் மாமாவே வாய் திறந்து சொல்லியிருந்தார், "உது வந்தா நீதான் பிள்ளை பாக்கோணும்" என்று. அந்த ஒரு வார்த்தையைத் தயாளினி அலுமாரிக்குள் பட்டுச்சேலை வைப்பது போலப் பத்திரமாக வைத்திருந்தாள்.

காலையில் புருசன் நிஷாந்தன் பால் கான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டே சொன்னான். "அந்தப் பிள்ளை எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டுதாம். கெட்டிக்காரி."

நல்ல மனதோடுதான் சொன்னான். கட்டின மனைவிக்கு முன்னால் இன்னொருத்தியைக் கெட்டிக்காரி என்று சொல்லக்கூடாது என்பது இந்த ஆண்களுக்கு எப்போது விளங்கப் போகிறதோ தெரியவில்லை.

கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் மாமா வந்துவிட்டார். வெள்ளைச் சேர்ட் போட்டு, தலையைப் படிய வாரி, வாசல் மர வாங்கில் வந்து இருந்தார். பக்கத்து வளவுத் தங்கம்மாவும் ஏதோ போட்டோக்கொப்பி எடுக்க வந்து நின்றாள். தங்கம்மா நிற்கும் இடத்தில் நடப்பது பின்னேரத்துக்குள் அவர்கள் வீடு இருக்கும் கனகராயன்குளம் வரை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"பிள்ளை, சின்னவா அனுப்பிட்டாவாம். எனக்கு ஒரு கொப்பி அடிச்சுத் தா. வாசிச்சுப் பாத்திட்டு அனுப்புவம்."

"ஓம் மாமா."

தயாளினி மெயிலைத் திறந்தாள். வினுஜாவின் பைல் வந்திருந்தது. அழுத்தினாள். இதை எதால் திறப்பது என்று கணினி அவளையே திருப்பிக் கேட்டது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு பைலின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து ஒரு வால் தொங்கும். தயாளினியின் கடையில் எல்லா வாலும் மூன்றெழுத்து. டி, ஓ, சி. வினுஜாவின் வாலில் கடைசியாக ஒரு எக்ஸ் கூடுதலாக நின்றது. புது வேர்ட்டில் அடித்தால் அப்படித்தான் வரும், அவளுடைய பழைய வேர்ட் அதைத் திறக்காது. இப்படியான பைலோடு வருகிறவர்களை "பழசில சேவ் பண்ணிக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பி அவளுக்குப் பழக்கம். புதுசு போடுவம் என்று நிஷாந்தன் இரண்டு தரம் கேட்டும் வேண்டாம் என்றவளும் அவள்தான். கை பழகிய சாமானை மாற்றுவதற்கு அவளுக்குப் பயம்.

ஒரு எழுத்துக் கூடிவிட்டால் பெரிய ஆளோ என்று அந்த எக்ஸைப் பார்த்து அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"என்ன பிள்ளை, வருகுதில்லையோ?" மாமா கழுத்தை நீட்டினார். தங்கம்மாவும் நீட்டினாள்.

என்ர மெசின் பழசு மாமா என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் முடிகிற உண்மை. தங்கம்மா நிற்கிறாளே.

"பைல் பழுது மாமா. அந்தப் பிள்ளைக்குச் சரியா அனுப்பத் தெரியேல்லைப் போல."

"பழுதோ? பால்தான் பழுதாப் போகும் எண்டு நினைச்சன். உதுவும் பழுதாப் போகுமோ?"

"கம்பஸில உதெல்லாம் சொல்லிக் குடுக்கிறேல்லையாக்கும்" என்றாள் தங்கம்மா.

அந்த ஒரு வசனம் தயாளினிக்குக் கற்கண்டு மாதிரி இருந்தது. நேற்று வரை தங்கம்மாவைப் பிடிக்காது. இன்று அவளுக்குப் போட்டோக்கொப்பிக்குக் காசு வாங்காமல் விடலாமா என்று கூட யோசித்தாள்.

மாமா திலீபனுக்குப் போன் போட்டார். "மனிசியைக் கொம்பியூட்டரோட கடைக்குக் கூட்டிக்கொண்டு வா. அனுப்பினது பழுதாம்."

வினுஜா வந்து இறங்கும்போது வியர்த்திருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிய கையோடு, மாமாவுக்கு ஒரு சிரிப்பு, தங்கம்மாவுக்கு ஒரு சிரிப்பு, தயாளினிக்கு "என்னக்கா நடந்தது?" என்று ஒரு கேள்வி. திலீபன் லப்டொப் பையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். தன் புருசன் தன் கைப்பையைக்கூட ஒருநாளும் தூக்கியதில்லை என்பது தயாளினிக்கு அந்த நேரத்தில்தானா ஞாபகம் வர வேண்டும்?

வினுஜா குனிந்து திரையைப் பார்த்தாள். பார்த்த உடனே நிமிர்ந்தாள்.

"பைல் பழுதில்லை அக்கா. உங்கட மெசின் பழசு. அதுக்குப் புதுசு திறக்கத் தெரியாது. நான் பழைய மாதிரிச் சேவ் பண்ணித் தாறன்."

குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அட, மெசின்தான் பழசோ? பெரியவா பைல் பழுதெண்டெல்லோ சொன்னவா" என்று மாமா சிரித்தார். அவர் சிரித்ததில் விசம் ஒன்றும் இல்லை. ஆனால் தயாளினிக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன.

வினுஜா லப்டொப்பை விரித்தாள். இரண்டு மூன்று தட்டுத்தான். பைலின் வாலிலிருந்து அந்த எக்ஸ் போய்விட்டது. பென்ட்ரைவில் போட்டு இந்தக் கணினியில் செருகியதும் விண்ணப்பம் அடக்கமாகத் திறந்தது. பிரிண்டர் இருமி இருமிப் பக்கங்களைத் துப்பத் தொடங்கியது. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியது தயாளினிதான்.

கடைசிப் பக்கம் வந்தது.

தொடர்பாளர்: திருமதி வினுஜா திலீபன். கீழே அவளுடைய போன் நம்பர்.

தயாளினி அந்தத் தாளை மற்றத் தாள்களோடு சேர்க்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா கண்டுவிட்டார். கண்டதும் வாங்கில் ஒருமுறை அசைந்து உட்கார்ந்தார்.

"அது பிள்ளை... கொழும்பால போன் எடுத்தா இங்கிலீசில கதைக்கோணுமெல்லே. அதுதான் சின்னவாவின்ர பேரைப் போடச் சொன்னனான். நீ ஒண்டும் நினைக்காத."

"நான் என்னத்தை நினைக்கிறன் மாமா."

வினுஜா லப்டொப்பை மடித்துப் பைக்குள் வைத்தவள், போகிற நேரத்தில் ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள்.

"அக்கா, அதில ஒண்டும் மாத்தாம அப்பிடியே அனுப்புங்கோ. உங்கட எழுத்து அங்க தெரியாது."

அவர்கள் போனார்கள். மாமா கொப்பியை மடித்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு பஸ் எடுக்கச் சந்திப் பக்கம் நடந்தார். தங்கம்மாவும் காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். தயாளினி வாங்கிக்கொண்டாள்.

உங்கட எழுத்து அங்க தெரியாது.

அது ஒரு கணினிக்காரி இன்னொரு கணினிக்காரிக்குச் சொன்ன புத்தி. ஆனால் தயாளினியின் காதில் அது வேறு மாதிரி இறங்கியது. உன் எழுத்துக்கு அங்கே மதிப்பில்லை, உன்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது என்று இறங்கியது. பொறாமை பிடித்த காதில் 'வாங்கோ' என்று சொன்னால்கூட 'போ' என்றுதான் விழும். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சங்கத்து மெயிலைத் திறந்தாள். பைலை இணைக்கப் போன கை நடுவில் நின்றது.

பழைய மாதிரிச் சேவ் பண்ணிய பைல். இப்போது இது அவளுடைய கணினியில் திறக்கும். திறந்தால் அதில் எழுதவும் முடியும். அந்த எக்ஸ் இருந்திருந்தால் தொட்டிருக்க முடியாது. தொடுவதற்கு வழி செய்து கொடுத்தவளே வினுஜாதான்.

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். வினுஜாவின் பெயரை அழித்தாள். நம்பரையும் அழித்தாள்.

பிறகு தன் பெயரை அடித்தாள். விசைகளில் இருப்பது ஆங்கில எழுத்துத்தான், ஆனாலும் எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து ஒளிந்திருக்கிறது என்று அவள் விரல்களுக்கு நித்திரையிலும் தெரியும். இவ்வளவு காலமும் பாமினி எழுத்தில் அடித்து அடித்துப் பழகிய விரல்கள். திரையில் பெயர் கொஞ்சம் மெலிந்து நின்றது. பக்கத்து எழுத்துக்களோடு ஒத்துப்போக அதைக் கொஞ்சம் பெருப்பித்தாள். கீழே தன் நம்பரைப் போட்டாள்.

என்ர இடத்தில என்ர பேரைப் போடுறன், இதில என்ன பிழை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காதபோதே பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் விசயம் அவ்வளவு நல்லதில்லை என்று அர்த்தம். அதுவும் அவளுக்குத் தெரியும். அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய உடனே பசித்தது. சோற்றுப் பெட்டியைத் திறந்து கருவாட்டுக் குழம்போடு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். மூன்று கிழமையாக அவளுக்குச் சாப்பாடு அப்படி ருசித்ததில்லை.

கனகராயன்குளத்து வீட்டில் பின்னேரத் தேத்தண்ணி என்றால் எல்லோரும் ஹோலில் கூடிவிடுவார்கள். அன்று மாமா தன் கதிரையில், பக்கத்துக் கதிரையில் வினுஜா. மாமி அமராவதி நிலத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிஷாந்தனும் திலீபனும் லொறிக்காரனைப் பற்றி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். தயாளினி தேத்தண்ணித் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, அலுமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த அவளுடைய போன் அடித்தது.

கைக்கு எட்டியது நிஷாந்தனுக்கு. எடுத்தான்.

"ஓம்... ஓம், பால் சங்கம்தான். ஒரு நிமிசம், அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாப் போடுறன்."

கொழும்புக் குரல் ஹோல் முழுக்க நிறைந்தது. "வணக்கம். உங்கட விண்ணப்பம் நேரத்துக்கு வந்திட்டு. நான் போனில திறந்து பார்த்தேன். நல்லா எழுதியிருக்கீங்க, எல்லாம் தெளிவா வாசிக்க ஏலுது. கடைசிப் பக்கத்தில தொடர்பாளர் பேர் மட்டும் விளங்கல்ல. மத்தது எல்லாம் தமிழ், அது மட்டும் இங்கிலீஸ் எழுத்தா இருக்கு. நம்பர் சரியா இருந்தபடியால எடுத்தேன்."

"என்ன எழுத்தெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார் மாமா.

"ஜே, ஏ, எச், எஸ், பி, டி, பி."

ஹோலில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தயாளினிக்கு மட்டும் அவை எந்த விசைகள் என்று விளங்கியது.

பாமினி எழுத்தின் சங்கதி இதுதான். உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்து. மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். அந்தச் சட்டை இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத இடத்துக்குப் போனால் உள்ளே இருப்பதுதான் தெரியும். சந்திக் கடைகளில் இருந்து அரசாங்கக் கந்தோர் வரை எல்லோரிடமும் பாமினி இருந்தது. அதைவிட, தயாளினியின் எழுத்து எப்போதும் தாளில் ஏறித்தான் கடையை விட்டு வெளியே போகும். அதனால் இத்தனை காலமும் அவளுக்கு இது தட்டுப்படவே இல்லை. இன்றைக்கு வினுஜாவின் ஒவ்வொரு வரியும் கொழும்பில் தமிழாகப் போய் இறங்கியது. களவாக நுழைந்த ஒரே ஒரு பெயர் மட்டும் சட்டையில்லாமல் போய் நின்றது.

உங்கட எழுத்து அங்க தெரியாது. அந்தப் பிள்ளை அதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கொஞ்சத்தால பேரை மெசேஜில போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக் குரல் போனை வைத்தது.

நிஷாந்தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தயா, உன்ர நம்பருக்கு ஏன் எடுக்கினம்?"

மாமா பொக்கற்றுக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து விரித்தார். கடைசிப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "இதில வினுஜா எண்டு வடிவாக் கிடக்கு. நம்பரும் சின்னவான்ர." தாளைக் கீழே வைத்தார். மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்து எத்தனையோ காலம் ஆனாலும், கோபம் வந்தால் அவருக்கு அந்தத் தமிழ்தான் முந்திக்கொண்டு வரும்.

"என்னா புள்ள இது? யாரு பேர யாரு மாத்துனா?"

தயாளினியின் பார்வை தன்பாட்டில் வினுஜாவிடம் போனது.

வினுஜா யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் சின்ன மேசையின் விளிம்பில் இருந்தன. விரல்கள் மெதுவாக அசைந்தன. கம்பஸுக்குப் போக முதல் அவளும் ரைப்பிங் வகுப்பில் பாமினி அடித்துப் பழகியவள். ஒரு விரல், இன்னொரு விரல், மறு கையில் ஒன்று. வலக்கைச் சின்ன விரல் ஒருமுறை விழுந்தது, இடையில் ஒன்று விட்டு மறுபடியும் விழுந்தது. பிறகு விரல்கள் நின்றுவிட்டன.

வாசித்துவிட்டாள்.

தலையை நிமிர்த்தித் தயாளினியைப் பார்த்தாள். தயாளினி அந்த நேரத்தில் நிலம் பிளந்து தன்னை உள்ளே எடுத்தால் நல்லது என்று நினைத்தாள்.

"அது அக்காவின்ர பேர் மாமா" என்றாள் வினுஜா. "நான்தான் போன் எடுத்துப் போடச் சொன்னனான்."

"நீயோ? ஏன்?"

"அக்காவுக்குத்தானே சங்கத்து ஆக்களைத் தெரியும். மாட்டுக்காரர் முழுப் பேரையும் தெரியும். எனக்கு இஞ்ச ஆரைத் தெரியும்? இங்கிலீசில கதைக்க வேணுமெண்டா நான் பக்கத்தில நிண்டு கதைக்கிறன். உங்களுக்குச் சொல்ல மறந்து போனன், குறை நினைக்காதேங்கோ."

மாமாவின் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியது. திலீபன் மனைவியைப் பெருமையோடு பார்த்தான். நிஷாந்தன் உடனேயே பெயரை ஆங்கிலத்தில் அடித்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டான்.

மாமி கச்சான் கோதுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "பாத்தியா தயாளினி, எப்பிடி விட்டுக் குடுக்கிறாள். நல்ல இடத்துப் பிள்ளை."

தயாளினி தலையை ஆட்டினாள். தன் பெயர் கடைசிப் பக்கத்தில் ஏறிவிட்டது. ஆனால் அதை அவள் எடுத்ததாக இல்லை, வினுஜா போட்ட பிச்சையாக ஆகிவிட்டது. பிடிபட்டு ஏச்சு வாங்கியிருந்தால் ஒருவேளை இரவைக்கு நித்திரை வந்திருக்கும். பழுதான பைல் என்று காலையில் சொன்னவளை மாலையில் இவள் காப்பாற்றி நிற்கிறாள். அதற்கும் சேர்த்து அவள்மேல் எரிச்சல் வந்தது.

வெறும் கோப்பைகளை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனாள். கழுவத் தொடங்கும்போது பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"குடுங்கோ அக்கா, நான் கழுவுறன்."

"வேண்டாம்." தயாளினி திரும்பாமலே கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னனீ? என்னில இரக்கமோ?"

"இரக்கமில்லை அக்கா."

"அப்ப?"

வினுஜா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள். தயாளினியின் ஈரக் கையைப் பிடித்து அதற்குள் பென்ட்ரைவை வைத்தாள். காலையில் கடையில் செருகிய அதே பென்ட்ரைவ்.

"இதில ஒரு பைல் இருக்கு. நாளைக்கு உங்கட கடை மெயிலில இருந்து அனுப்பி விடுங்கோ. என்ர லப்டொப்பை இவரும் பாக்கிறவர், அதுதான்."

"என்ன பைல்?"

"அவுஸ்திரேலியாவில மேல்படிப்புக்கு விண்ணப்பம். அவை கேட்டிருக்கிற கடைசிக் கடிதம் மட்டும் அனுப்போணும். கல்யாணத்துக்கு முன்னம் போட்டது. இவருக்குத் தெரியாது. வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது." குரல் ஒருகணம் தளும்பியது, உடனேயே சரியானது. "அந்தப் பேர் உங்களுக்குத்தான் அக்கா. மாமா போடச் சொன்ன நேரமே எனக்கு வேண்டாம் எண்டுதான் இருந்தது. நான் இஞ்ச இருந்தால்தானே."

தயாளினி பென்ட்ரைவைப் பார்த்தாள்.

காலையிலிருந்து எரிந்து, பொய் சொல்லி, அழித்து, எழுதி, மானத்தை அடகு வைத்து அவள் களவெடுத்த இடம், இந்தப் பெண்ணுக்கு வேண்டாத இடம். அது அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்குப் பின்னாலேயே, வெட்கமே இல்லாமல், ஒரு சந்தோசமும் வந்தது. இவள் போய்விட்டால் அந்தக் கதிரை, மாமாவின் பேப்பர், புருசனின் வாயில் வரும் 'கெட்டிக்காரி', எல்லாம் திரும்பி வரும். சந்தோசத்தின் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் பொறாமையே வந்தது. போவதற்கு இவளுக்கு ஒரு இடம் இருக்கிறது. நினைத்துப் பார்க்கத் தனக்கு மாங்குளம் சந்தியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

கடைசியாகத்தான் திலீபன் ஞாபகத்துக்கு வந்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தவன். அவளை அண்ணி என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். லப்டொப் பையைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தவன்.

"பழைய மாதிரித்தான் சேவ் பண்ணியிருக்கிறன்" என்றாள் வினுஜா. "உங்கட மெசினில திறக்கும். ஆனா ஒண்டும் மாத்தாதேங்கோ அக்கா."

இந்த முறை அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பதில் தயாளினிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முகம் சிவந்தது.

குசினி வாசலில் நிழல் விழுந்தது. திலீபன் வெறும் கோப்பையோடு நின்றான்.

"என்ன, ரெண்டு பேருக்கும் அப்பிடி என்ன கதை?"

வினுஜாவின் முகத்தில் இரத்தம் வற்றியது. நல்லாப் பேசத் தெரிந்த அந்த வாய் முதல் தடவையாக அடைத்துப் போனதைத் தயாளினி பார்த்தாள். பென்ட்ரைவைப் பொத்திய கையைச் சேலை மடிப்புக்குள் இறக்கினாள்.

"ஒண்டுமில்லைத் திலீபன். இவவின்ர பைல் ஒண்டு பழுதாம். நாளைக்குக் கடையில வச்சுப் பாத்துத் தாறன் எண்டு சொன்னனான்."

காலையில் அதே பொய்யை அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சொல்லும்போது அவளுக்குத் தங்கம்மா நிற்கிறாளே என்ற சாட்டாவது இருந்தது. இப்போது ஒரு சாட்டும் இல்லை. அவள் கோப்பையை வாங்கிக் கழுவத் தொடங்கினாள்.